பாசறையிலிருந்து வீடு வரை: போரிலிருந்து மீண்டவனைத் தமிழ் எழுத்து எதிர்கொண்ட விதம்

ஒவ்வொரு போருக்கும் இரண்டு முடிவுகள் உண்டு. ஒன்று உடன்படிக்கைத் தாளில் ஒப்பமிடும்போது நேர்கிறது. மற்றொன்று, அப்போரில் நின்ற மனிதன் தன் ஊருக்குத் திரும்பி, வீட்டு வாயிலில் கால் வைக்கும்போது நேர்கிறது. முதல் முடிவுக்கு நாளும் இடமும் குறித்து வைப்பது வரலாற்றாசிரியரின் பணி. இரண்டாவதைக் குறித்து வைக்கும் பொறுப்பு பெரும்பாலும் இலக்கியத்தின் மீதே விழுகிறது. அரசு ஆவணத்தில் படைவீரன் ஓர் எண். வெற்றிப் பரணியில் அவன் ஒரு வாள். அவன் திரும்பி வந்த பின் அவனுக்கு ஊரில் என்ன இடம் கிடைத்தது, அவன் இல்லாத காலத்தில் வீடு என்ன ஆயிற்று என்ற கேள்விகளுக்கு ஆவணமும் பரணியும் விடை தருவதில்லை. தமிழ் எழுத்து இப்பொறுப்பை எந்த அளவு ஏற்றது என்பதை, இரண்டாம் உலகப் போரை மையமாக வைத்து ஆராய்வதே இக்கட்டுரையில் நாம் மேற்கொள்ளும் முயற்சி.

அளவுகோல்

ஆய்வுக்கு முன் அளவுகோல் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நன்று. போரிலிருந்து திரும்புதல் என்றதும் நம் வாசகர் பலரின் நினைவுக்கு வருவது, சிறிய ஜிஹாதிலிருந்து பெரிய ஜிஹாதுக்குத் திரும்பினோம் என்னும் புகழ்பெற்ற கூற்றாகும். ஸூஃபி நூல்களில் அது பெரிதும் எடுத்தாளப்பட்டாலும், அதன் அறிவிப்புத் தொடர் வலுவற்றது என ஹதீஸ் கலை வல்லுநர்கள் கருதுவதால், நாம் அதனை இங்கு ஆதாரமாகக் கொள்ளவில்லை. அதைவிட எளிய, அன்றாட வாழ்வோடு ஒட்டிய இரண்டு செய்திகள் நமக்குப் போதுமானவை.

முதலாவது, ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாகப் புகாரி, முஸ்லிம் ஆகிய தொகுப்புகளில் இடம்பெறும் செய்தி. ஒரு படையெடுப்பிலிருந்து மீண்டு மதீனாவை நெருங்கிய வேளையில் தோழர்கள் விரைந்து வீடு புக முற்பட்டனர். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் சற்றுப் பொறுக்குமாறு பணித்தார்கள். கணவர் வெளியே சென்றிருந்த காலத்தில் தலைவாராது இருந்த பெண்கள் தம்மைச் சீர்செய்துகொள்ள அவகாசம் வேண்டும் என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். இச்செய்தியைக் குடும்ப ஒழுக்கம் பற்றிய ஓர் அறிவுரையாக மட்டும் படிப்பது வழக்கம். ஆயினும், வெற்றியோடு வரும் படையை நகருக்கு வெளியே நிறுத்திவைத்து, காத்திருந்தவரின் வசதிக்கு முதலிடம் தந்த செயல் அது என்பதையும் நாம் கருதவேண்டும்.

இரண்டாவது, கலீஃபா உமர் (ரலி) அவர்களைப் பற்றியது. இரவில் நகர்வலம் வந்தபோது, கணவன் போர்முனைக்குச் சென்றுவிட்ட ஒரு பெண்ணின் துயரக் குரல் அவர்கள் செவியில் விழுந்தது. மறுநாள் தம் மகளும் நம்பிக்கையாளரின் அன்னையுமான ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம், ஒரு பெண் கணவனைப் பிரிந்து எவ்வளவு காலம் பொறுத்திருக்க இயலும் என வினவினார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. அந்த விடையைக் கொண்டே படைவீரர் களத்தில் தங்கும் காலத்துக்கு ஆட்சியாளர் வரம்பு கட்டினார் என்பதில் அவை ஒன்றுபடுகின்றன.

இவ்விரு செய்திகளிலிருந்தும் நாம் பெறும் அளவுகோல் மூன்று வினாக்களைக் கொண்டது. அனுப்பியவர் திரும்பி வருபவனுக்குப் பொறுப்பேற்கிறாரா? காத்திருந்தவரின் குரல் கேட்கப்படுகிறதா? மீண்டவனுக்கு வீட்டிலும் ஊரிலும் இடம் இருக்கிறதா? போரைப் பற்றிய ஒரு படைப்பு எவ்வளவு வீரச்சுவை கொண்டிருந்தாலும், இவற்றில் ஒன்றையேனும் தொடாவிடில் அது போரின் பாதியையே கூறியதாகும்.

மரபு தந்ததும் தராததும்

பழந்தமிழ் மரபு இவ்வகையில் வறியதன்று. முல்லைத் திணையின் உயிரே தலைவன் வினை முடித்துத் திரும்புதலிலும் அதுவரை தலைவி ஆற்றியிருத்தலிலும் இருக்கிறது. 103 அடிகளில் அமைந்த 'முல்லைப்பாட்டு' ஒரே வேளையில் இரண்டு இடங்களைக் காட்டுகிறது. ஒருபுறம் அரண்மனையில் காத்திருக்கும் அரசி. மறுபுறம் பாசறையில், புண்பட்ட களிறுகளையும் மாண்ட வீரரையும் எண்ணி உறக்கம் கொள்ளாத அரசன். 'நெடுநல்வாடை'யும் இவ்வாறே படுக்கையில் துயருறும் அரசியையும், வாடைக் காற்றில் புண்பட்ட வீரரை நேரில் கண்டு ஆறுதல் கூறும் அரசனையும் அருகருகே வைக்கிறது. ஆயினும் அங்கே திரும்புபவன் அரசன் அல்லது தலைவன். அவனுடன் சென்ற எளிய வீரனின் வீடு பாட்டின் எல்லைக்குள் வரவில்லை.

தமிழ் முஸ்லிம் புலவர்கள் தமிழுக்கு அளித்த தனி இலக்கிய வகைகளுள் ஒன்று படைப்போர். 'சக்கூன் படைப்போர்', 'இந்திராயன் படைப்போர்' முதலியன நம் ஊர்களில் கூட்டமாக அமர்ந்து ஓதிக் கேட்கப்பட்டவை. அவற்றின் ஓசை மிடுக்கையும், கேட்போர் உள்ளத்தில் ஊட்டிய உறுதியையும் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அலீ (ரலி) அவர்களின் வீரத்தைப் பாடிய நாவுகள் ஒரு சமூகத்துக்குத் தன்னம்பிக்கை அளித்தன. ஆனால் இவ்வகையின் இலக்கணமே களத்தோடு முடிகிறது. வென்றவர் யார் என்பதைக் கூறியதும் பாடல் ஓய்ந்துவிடுகிறது. மதீனாவின் வாயிலில் படையை நிறுத்திய அந்த மாலைப் பொழுதுக்குப் படைப்போரில் இடமில்லை.

'சீறாப்புராணம்' பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். உமறுப்புலவரின் காப்பியம் ஹிஜ்றத்துக் காண்டத்தில் பத்று, உஹது முதலிய களங்களைப் பாடி, உறனிக் கூட்டத்தார் படலத்தோடு நின்றுவிடுகிறது. பிறந்த மண்ணுக்குப் பெருமானார் வெற்றியாளராகத் திரும்பியதும், தம்மைத் துரத்தியோருக்குப் பொதுமன்னிப்பு அளித்ததுமான மக்கா வெற்றி அவர் கைக்கு எட்டவில்லை. பனீ அகமது மரைக்காயரின் 'சின்னச் சீறா' எஞ்சிய வரலாற்றைத் தொடர்ந்து பாடியது. உலக வரலாற்றின் மாண்புமிக்க மீட்சிகளுள் ஒன்று, நம் தலைசிறந்த காப்பியத்தில் பாடப்படாமல் போனது தமிழுக்கு நேர்ந்த இழப்பாகும். அக்காட்சியை உமறுவின் சொல்வளம் தொட்டிருந்தால், திரும்புதல் என்பது நம் இலக்கியத்தில் வெற்றிக்கு நிகரான ஒரு பொருளாக வளர்ந்திருக்கக் கூடும்.

சேர்வராயன் அடிவாரத்தில் ஒரு பர்மா

இந்த மரபோடு தமிழகம் இரண்டாம் உலகப் போருக்குள் நுழைந்தது. தமிழ்ப் படைவீரனின் நிலை அப்போது விந்தையானது. வடமேற்குப் பகுதியினரே போர்க்குடிகள், தென்னாட்டார் போருக்கு உரியவர் அல்லர் என்னும் ஆங்கிலேயக் கொள்கையின் விளைவாக, பழைய மெட்ராஸ் காலாட்படைகள் 1920களின் இறுதிக்குள் கலைக்கப்பட்டிருந்தன. போர் மூண்டு ஆள் தேவைப்பட்டதும் மெட்ராஸ் ரெஜிமென்ட் மீண்டும் உயிர்பெற்றது. தேவையற்றவன் எனத் தள்ளப்பட்டவன் மீண்டும் தேவைப்பட்டான். போர் முடியும்வரை இந்தியப் படையில் சேர்ந்தோர் ஏறத்தாழ 25 இலட்சம் பேர். கட்டாய ஆள்சேர்ப்பு இல்லாமையால் மக்களை இணங்கவைக்கும் பரப்புரை அரசுக்கு இன்றியமையாததாயிற்று. அதற்குத் திரைப்படமே ஏற்ற கருவி.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் சாலையில், சேர்வராயன் மலை எதிரே எழுந்து நிற்கும் இடத்தில், டி. ஆர். சுந்தரம் 1930களின் நடுவில் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவினார். மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' (1938) இங்கே உருவானது. ஆயிரத்தொரு இரவுகள் மரபிலிருந்து எடுத்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாக இங்கிருந்துதான் வெளிவந்தது. இன்று படப்பிடிப்புத் தளங்கள் மறைந்து, நுழைவாயில் வளைவே அவ்விடத்தின் அடையாளமாக எஞ்சியுள்ளது. அந்த வளைவுக்குள்தான் 1945இல் 'பர்மா ராணி' என்னும் போர்க்காலப் படம் ஆக்கப்பட்டது. கச்சாப் பிலிம் பங்கீட்டு முறையில் கிடைத்த காலம் அது; படத்தின் நீளத்துக்கும் 11,000 அடி என வரம்பு விதிக்கப்பட்டிருந்தது. போர் முயற்சிக்கு ஆதரவான படங்களை எடுக்குமாறு தயாரிப்பாளர்களை அரசு தூண்டியது. கே. சுப்பிரமணியத்தின் 'மானசம்ரட்சணம்', ஜெமினியின் 'கண்ணம்மா என் காதலி' ஆகியனவும் அதே 1945இல் வந்த இவ்வகைப் படங்களே.

'பர்மா ராணி'யில் இந்திய வானப்படை வீரர்கள் ஜப்பானியர் வசமிருந்த பர்மாவில் சிக்குகின்றனர். கே. எல். வி. வசந்தா ஏற்ற ராணி என்னும் பாத்திரம் அவர்களுக்குத் துணைநிற்கிறது. இயக்குநர் சுந்தரமே ஜப்பானியப் படைத்தலைவராக நடித்தார். தொழில்நுட்பத் துணிவிலும், சமகால நிகழ்ச்சியை உடனுக்குடன் திரைக்குக் கொணர்ந்த விரைவிலும் இப்படத்துக்குரிய பாராட்டை நாம் மறுக்கவில்லை. ஆனால் இவ்வகைப் படங்களின் கதை இயக்கம் முழுவதும் பகைவரிடமிருந்து தப்புதல் என்னும் ஒன்றிலேயே குவிந்திருக்கிறது. எல்லையைக் கடந்ததும் வீரன் மீண்டவனாகக் கருதப்படுகிறான். அதன்பின் அவன் எந்த ஊருக்குச் சென்றான், அங்கே அவனுக்கு வேலை கிடைத்ததா, தாய் அவனை அடையாளம் கண்டாளா என்பன அப்படங்களின் அக்கறைகள் அல்ல. ஆள்சேர்ப்புக்கு உதவவேண்டிய படம் திரும்புதலின் கடினத்தைப் பேச இயலாது என்பது வெளிப்படை. படைப்போரின் வாள் இங்கே வானூர்தியாயிற்று. மற்றபடி இலக்கணம் மாறவில்லை.

அதே சாலை மேலேறி முடியும் ஏற்காட்டில் வேறொரு நினைவு வாழ்கிறது. சேர்வராயன் மலையின் பழங்குடியினரான மலையாளிகள், அதாவது மலையை ஆளும் மக்கள், தம் முன்னோர் காஞ்சியிலிருந்து புறப்பட்டு வந்த சகோதரர்கள் என்றும், ஆளுக்கொரு மலையைப் பகிர்ந்துகொண்டு அங்கேயே மணமுடித்துத் தங்கிவிட்டனர் என்றும் வழிவழியாகக் கூறிவருகின்றனர். தம்மை ஊர் திரும்பாதவர்களின் வழித்தோன்றல்களாக ஒரு மக்கள் கூட்டம் நினைவுகூர்வது இது. ஆக, மலையடிவாரத்தில் தப்பி மீளும் வீரனின் கதை. மலைமேல் திரும்பாமலே புதுக்குடி கண்டவரின் கதை. இவ்விரண்டுக்கும் இடையில் மூன்றாம் கதை ஒன்று தேவைப்படுகிறது. திரும்பி வந்தும் வீடு புகமுடியாதவனின் கதை அது. தமிழில் அதனை எழுதியவர் ப. சிங்காரம்.

கிட்டங்கியின் வாசலில் செல்லையா

சிவகங்கைச் சீமையின் சிங்கம்புணரியில் 1920இல் பிறந்த சிங்காரம் 1938இல் சுமத்திராவின் மேடானுக்கு வேலை தேடிச் சென்றார். போர்க்காலம் முழுவதையும் தென்கிழக்காசியாவில் கழித்து, 1946இல் தாயகம் மீண்டார். மனைவியையும் குழந்தையையும் அங்கேயே இழந்த அவர், மதுரையில் 'தினத்தந்தி'யில் பணியாற்றி, தனியராகவே வாழ்ந்து 1997இல் மறைந்தார். அவர் படைவீரர் அல்லர். ஆயினும் வட்டிக்கடைகளில் கணக்கெழுதிய சிற்றூர் இளைஞர்கள் துப்பாக்கி ஏந்தியதை அருகிருந்து அறிந்தவர். 'கடலுக்கு அப்பால்' (1959), 'புயலிலே ஒரு தோணி' (1972) ஆகிய இரண்டே நாவல்கள் அவர் தந்தவை.

பின்னணியைச் சுருக்கமாக நினைவூட்டிக்கொள்வோம். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் அங்கு வந்து இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றபின், சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்களோடு மலேயாவின் தோட்டத் தொழிலாளரும் கடைப்பணியாளரும் திரளாகச் சேர்ந்தனர். அவருள் தமிழர் மிகுதி. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்ததும் அப்படை கலைந்தது.

'கடலுக்கு அப்பால்' நாவலின் செல்லையா அவ்வாறு படையில் சேர்ந்த ஒருவன். பினாங்கில் வயிரமுத்துப் பிள்ளையின் வட்டிக்கடையில் வேலை பார்த்தவன். பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் எனப் படிப்படியாக ஏறவேண்டிய உலகம் அது. முதலாளியின் மகள் மரகதத்துக்கும் அவனுக்கும் இடையே அன்பு மலர்ந்திருக்கிறது. பெண்ணின் தாய்க்கும் அதில் இசைவு உண்டு. போர் முடிந்து செல்லையா திரும்புகிறான். உயிரோடு வந்தான், உறுப்புக் குறையின்றி வந்தான், திறமையும் கூடியே வந்தான். ஆயினும் பிள்ளை மகளைத் தர மறுக்கிறார். பட்டாளத்துப் பழக்கம் வந்துவிட்டவனிடம் வணிகனுக்குரிய பணிவும் கணக்கும் தங்காது என்பது அவர் முடிவு.

இம்மறுப்பைச் சிங்காரம் கையாளும் விதமே நாவலின் பெருஞ்சிறப்பு. பிள்ளையைக் கொடியவராக்கி வாசகரின் கண்ணீரை வாங்குவது எளிய வழி. அவர் அவ்வாறு செய்யவில்லை. பிள்ளையின் காரணத்துக்கு உரிய எடையைத் தருகிறார். தலைமுறைகளாகக் குனிந்து நின்று பொருள் சேர்த்த ஒரு வகுப்புக்கு, நிமிர்ந்து நிற்கக் கற்றுக்கொண்டவன் அச்சமூட்டுவது இயல்பே. செல்லையா எந்தக் குணத்தால் நல்ல படைவீரன் ஆனானோ, அதே குணம் அவனை வீட்டுக்கு ஆகாதவனாக்குகிறது. 'பர்மா ராணி'யின் வீரன் கடந்தது பகைவர் எல்லையை. செல்லையா கடக்க முடியாமல் நிற்பது தான் வேலை பார்த்த கிட்டங்கியின் வாசலை. முதல் நாவலிலேயே இத்தகைய நடுநிலை கைவந்தது வியப்புக்குரியது.

நாட்டு வரலாறு இந்நாவலின் உண்மையை மெய்ப்பித்தது. செங்கோட்டை வழக்கில் ஷா நவாஸ் கான், சாகல், தில்லான் ஆகிய மூவருக்காக 1945 இறுதியில் நாடே திரண்டது. ஆயினும், விடுதலைக்குப் பின் இந்திய தேசிய இராணுவத்தினர் மீண்டும் படையில் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. விடுதலை வீரருக்கான மத்திய அரசின் ஓய்வூதியத் திட்டம் 1972இல்தான் வந்தது. கால்நூற்றாண்டுக்கு மேல் நாடும் ஒரு வயிரமுத்துப் பிள்ளையாகவே நடந்துகொண்டது. வீரத்தைப் போற்றியது, வீட்டுக்குள் விடத் தயங்கியது.

இரண்டாம் நாவலில் சிங்காரம் இன்னும் கடுமையான முடிவுக்குச் செல்கிறார். 'புயலிலே ஒரு தோணி'யின் பாண்டியன் அயல்மண்ணில் நின்று சின்னமங்கலத்தையும் மதுரைத் தெருக்களையும் நினைவில் மீண்டும் மீண்டும் நடக்கிறான். ஊர் திரும்ப எண்ணும் வேளையில் இந்தோனேசிய மண்ணிலேயே அவன் உயிர் பிரிகிறது. அவன் திரும்பிச் செல்வது மொழிவழியாக மட்டுமே. அந்நாவலின் நீண்ட நினைவோட்டங்களை அலங்காரம் எனக் குறைகூறுவோர் உண்டு. நம் கருத்தில், உடலால் திரும்ப முடியாதவனுக்கு ஆசிரியர் கட்டிக்கொடுத்த பாதை அது.

கேட்கப்படாத குரல்

இவ்வளவு பாராட்டுக்குப் பின் ஒரு குறையையும் கூறுதல் நேர்மை. நம் இரண்டாம் வினாவாகிய காத்திருந்தவரின் குரல், சிங்காரத்தின் நாவலிலும் போதிய அளவு ஒலிக்கவில்லை. மகளின் உள்ளத்தைப் பிள்ளை கேட்கவில்லை என்பது கதை. ஆசிரியரும் அதிகம் கேட்கவில்லை என்பது நம் குறை. குண்டுவீச்சையும், ஜப்பானிய ஆட்சியின் பஞ்சத்தையும் பினாங்கில் கழித்த மரகதம் எவ்வாறு மாறினாள்? செல்லையா மாறியதைப் பற்றி அத்தனை பேரும் பேசும்போது, அவளும் மாறியிருப்பாள் என்ற எண்ணம் நாவலில் வலுப்பெறவில்லை. முடிவில் ஆறுதல் மொழிகள் நண்பன் மாணிக்கத்திடமிருந்து செல்லையாவுக்குச் செல்கின்றன. ஆண்கள் ஒருவரையொருவர் தேற்றிக்கொள்கின்றனர். மகளிடம் வினவி, அவ்விடையைச் சட்டமாக்கிய உமர் (ரலி) அவர்களின் அளவுகோலில் வைத்தால், தமிழின் இந்த அரிய நாவலும் பாதி வழியிலேயே நிற்கிறது.

அடுத்த பாதியை எழுதுவதற்கு நம் சமூகத்துக்குச் சிறப்பான தகுதி உண்டு என நாம் நம்புகிறோம். நாகூர், காயல்பட்டினம், கீழக்கரை, தொண்டி முதலிய ஊர்களின் ஆண்கள் தலைமுறைகளாகக் கடல் கடந்தவர்கள். வந்தவர் தங்கியதற்கு 1801இல் நிறுவப்பட்ட பினாங்கின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் சான்று. வீட்டிலிருந்தோரின் நெடுங்காத்திருப்பை சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) போன்ற படைப்புகள் நம் காலத்தில் துணிந்து எழுதியுள்ளன. அக்காத்திருப்போடு போரும் சேர்ந்த 1942 முதல் 1945 வரையிலான ஆண்டுகள் இன்னும் தம் எழுத்தாளருக்காகக் காத்திருக்கின்றன.

சிங்கப்பூர்க் கடற்கரையில் 1945 ஜூலையில் இந்திய தேசிய இராணுவத்தின் மாண்ட வீரருக்கு ஒரு நினைவுத்தூண் எழுப்பப்பட்டது. அதில் பொறிக்கப்பட்ட இத்திஃபாக், இஃதிமாத், குர்பானி என்னும் மூன்று சொற்களும் நம் செவிக்கு அயலானவை அல்ல: ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம். திரும்பிவந்த ஆங்கிலேயப் படை சில வாரங்களில் அதனைத் தகர்த்தது. 1995இல்தான் அவ்விடத்தில் மீண்டும் ஓர் அடையாளக்கல் வைக்கப்பட்டது. இதற்கு இரண்டாண்டுகள் முன்பே, நீர்மூழ்கிக் கப்பலில் மலபார்க் கரைக்கு மீண்டு சிறைப்பட்ட வக்கம் அப்துல் காதர், 1943 செப்டம்பர் 10இல் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அப்போது அவருக்கு வயது 26. இறுதி நாளில் அவர் தந்தைக்கு எழுதிய கடிதம்தான் வீடு சேர்ந்தது.

அவ்வாறு வீடு சேர்ந்த கடிதங்களே இப்போது நமக்குத் தேவை. தமிழிலும் அரபுத் தமிழிலும் எழுதப்பட்டுப் பெட்டிகளின் அடியில் கிடக்கும் தாள்கள், மூதாட்டியர் சொல்லக் கேட்ட செய்திகள், பெயர் தெரியாத ஒளிப்படங்கள் ஆகியவற்றைத் திரட்டுவது ஆய்வாளரின் பணி. அவற்றுக்கு உயிரளிப்பது புனைவாளரின் பணி. படைப்போரை ஓதிய அவைகளில் வென்றவர் யார் என்று கேட்டுப் பழகினோம். மீண்டவன் எங்கே போனான், அவனுக்காகக் காத்திருந்தவள் என்ன சொன்னாள் என்றும் இனிக் கேட்கவேண்டும். மதீனாவின் எல்லையில் ஒரு படை சற்று நேரம் காத்து நின்றது, உள்ளே இருந்தவர்களின் பொருட்டு. நம் இலக்கியமும் அவர்கள் பொருட்டுச் சற்று நிற்கக் கடமைப்பட்டிருக்கிறது.